புல்வெளியில் தொடங்கி ஆற்றில் இறங்குவது: ஜோன் வுல்ஃப் காட்டிய வரிசையில் ஃப்ளை ஃபிஷிங்

ஃப்ளை ஃபிஷிங், அதாவது எடையில்லாத பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் கலை, கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள், பெரும்பாலும் நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் குடியேறியிருக்கும் நம்மவர்கள், எடுத்தவுடன் எந்தத் தூண்டில்கோல் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு "வாங்க வேண்டியவை" என்ற பகுதியில் விடை இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வழிகாட்டியில் எதற்குப் பின் எது என்ற வரிசையே அவருடைய பாடமுறையிலிருந்து வந்தது.

ஜோன் வுல்ஃப் 1926-ல் நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் பிறந்தார். தந்தை தூண்டில் சாமான்களும் துப்பாக்கிகளும் விற்கும் கடை வைத்திருந்தவர். மாலை நேரங்களில் தந்தை படகின் முனையில் அமர்ந்து பாஸ் மீனுக்குத் தூண்டில் வீசுவார், தாய் துடுப்புப் போடுவார், கரைக்கு அதிகம் நெருங்கிவிட்டால் தாய்க்குத் திட்டு விழும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி, படகில் துடுப்புப் போடுபவராக இருப்பதைவிட மீன் பிடிப்பவராக இருப்பதே மேல் என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்துத் தந்தையின் கோலை எடுத்து முதல் தடவையாக வீசிப் பார்த்தபோது கோலின் மேல்துண்டு கழன்று குளத்தில் விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரர் வாருகோலால் துழாவி எடுத்துக் கொடுத்தார். அந்த மகள்தான் 1943-க்கும் 1960-க்கும் இடையில் தூண்டில் வீச்சில் தேசியப் பட்டங்களை வரிசையாக வென்றார். 1951-ல் தொலைவீச்சுப் போட்டி ஒன்றில் களத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரையும் முந்தினார், 1960-ல் 161 அடி, அதாவது ஏறத்தாழ 49 மீட்டர், வீசினார். 1979-ல் கணவர் லீ வுல்ஃபுடன் சேர்ந்து நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், பீவர்கில் ஆற்றங்கரையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1991-ல் கணவர் விமான விபத்தில் இறந்த பிறகும் பள்ளியைத் தாமே தொடர்ந்து நடத்தினார்.

பட்டங்களைவிட முக்கியமானது அவர் செய்த இன்னொரு காரியம். அதுவரை வீச்சைக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் "என்னைப் பார்த்துச் செய்" என்ற அளவில் நின்றுவிட்டார்கள். ஜோன் ஒரே வீச்சைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எந்தத் தசை எப்போது வேலை செய்ய வேண்டும் என்று எழுதினார். உடல் வலுவில் ஆண்களோடு போட்டியிட முடியாத ஒருவர் அவர்களைத் தொலைவில் வென்றதால், வீச்சுக்கு வேண்டியது வலு அல்ல என்பதற்கு அவரே சான்றாகவும் ஆனார்.

முதலில் புல்வெளி

தண்ணீருக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம், நாளுக்குக் கால்மணி நேரம், வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவின் புல்தரை போதும். தார்ச்சாலையிலோ சிமெண்டுத் தரையிலோ பழகினால் தூண்டில் நரம்பின் மேல்பூச்சு தேய்ந்து பாழாகும். ஆற்றில் பழகத் தொடங்குபவரின் கண் மீன் எங்கே என்று அலைவதால் கை செய்யும் தவறு அவருக்குத் தெரிவதில்லை, அந்தத் தவறு மாதக்கணக்கில் கையிலேயே ஊறிவிடுகிறது.

நம் ஊரில் குளத்துத் தூண்டில் போட்டவர்களுக்கு இங்கே ஒரு பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கும். அங்கே ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே முள்ளின் மீது இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. தடித்த, பூச்சுப் பூசிய நரம்புக்குத்தான் எடை, வீசப்படுவதும் அதுவே. நரம்புகளுக்கு எடையைப் பொறுத்து எண் உண்டு, ஐந்தாம் எண் நரம்பில் முதல் 30 அடியின் எடை சுமார் 9 கிராம். கல்லை எறிவது போல இதை எறிய முடியாது, பம்பரச் சாட்டையைப் போல விரித்துத்தான் அனுப்ப வேண்டும்.

கோலின் நுனியிலிருந்து 25 முதல் 30 அடி நரம்பைப் புல்லில் நேராக நீட்டிவிடுங்கள். முனையில் முள் வேண்டாம், பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டுங்கள். கட்டைவிரல் கைப்பிடியின் மேல் இருக்கட்டும். கோலின் நுனியைத் தரைக்கு அருகில் தாழ்த்திவைத்து, முழங்கையோடு முன்கையை மெதுவாக உயர்த்தத் தொடங்கினால் நரம்பு தரையைவிட்டுக் கிளம்பி அதன் எடையில் கோல் வளையும். ஜோன் இதைச் சுமையேற்றும் அசைவு என்ற பொருளில் அழைத்தார். கோல் வளைந்துவிட்ட அந்தக் கணத்தில் மணிக்கட்டால் ஒரே ஒரு சுண்டு, உடனே சட்டென்று நிறுத்தம். இது இரண்டாம் பகுதி. துவைத்த வேட்டியைக் கொடியில் போடுமுன் உதறும்போது கைகள் மெதுவாகப் போய்க் கடைசியில் படீரென்று ஒரு சுண்டு சுண்டுமே, அதே தாளம்தான் இது. நிறுத்தம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவு குறுகலான வளையமாக நரம்பு பின்னால் விரியும்.

அடுத்து காத்திருக்க வேண்டும். நரம்பு பின்னால் முழுவதும் நேராகும்வரை கோல் அசையக் கூடாது, அதற்குப் பிறகுதான் அதே இரண்டு பகுதிகளும் முன்னோக்கி நடக்கும். புதியவர்கள் பத்தில் எட்டுப்பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மையாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் வீசிய கம்பளித் துண்டு மூன்றாம் தடவையாக என் பிடரியில் வந்து ஒட்டிக்கொண்டபோது அவர் என் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, "முன்னால் உனக்கு ஒரு வேலையும் இல்லை, பின்னால் பார்" என்றார். பார்த்தேன். நரம்பு இன்னும் கொக்கி வடிவில் வளைந்திருக்கும்போதே என் கை முன்னால் கிளம்பிக்கொண்டிருந்தது. அன்று மாலை முழுவதும் கழுத்தைத் திருப்பியபடியே வீசினேன், கழுத்து வலித்தது, பிடரி தப்பியது.

பலம் இருப்பவர்களுக்குத்தான் இந்த இடம் கடினம். முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழு விசையையும் கொட்டிவிட்டால் கோலின் நுனி நேர்க்கோட்டில் போகாமல் குழிந்து போகும், நரம்பின் மேல்பாகம் கீழ்ப்பாகத்தைக் குறுக்கே வெட்டும், நரம்பின் முனையில் கட்டும் மெல்லிழையில் தானாகவே முடிச்சு விழும். காற்றடித்து விழுந்த முடிச்சு என்று எல்லோரும் காற்றின்மேல் பழி போடுவார்கள், உண்மையில் அது கைபோட்ட முடிச்சு. ஜோன் இளம்வயதில் நடனம் பயின்று, நடனம் கற்றும் கொடுத்தவர், வீச்சில் உடல் முழுவதையும் பயன்படுத்தக் கற்றது அங்கிருந்துதான் என்று சொல்வார். நான் கவனித்தவரையில், முதல் நாளிலேயே ஒழுங்கான வளையம் வீசுபவர்களில் பெண்கள்தான் அதிகம், அவர்கள் கோலோடு மல்லுக்கட்டுவதில்லை.

கை பழகியபின் காகிதத் தட்டுகளை 20, 25, 30 அடிகளில் வைத்து அவற்றின்மேல் கம்பளித் துண்டை இறக்கப் பழகுங்கள். 161 அடி என்பது போட்டிக் களத்துக் கணக்கு. மலையாற்றில் நாம் தேடும் குளிர்நீர் மீனான ட்ரௌட் பெரும்பாலும் 40 அடிக்குள்தான் கிடைக்கும். பத்தில் ஏழு தடவை தட்டில் விழுந்தால் நீங்கள் ஆற்றுக்குத் தயார். பயிற்சியில்கூடக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் நிற்க வேண்டாம்.

வாங்க வேண்டியவை

9 அடி நீளமுள்ள, ஐந்தாம் எண் நரம்புக்கான, நடுத்தரமாக வளையும் கோல் வாங்குங்கள். நான் முதலில் போன கடையில் மிக விறைப்பான கோல் ஒன்றை "இதுதான் தூரம் போகும்" என்று தலையில் கட்டிவிட்டார்கள். விறைப்பான கோல் வளைவது கைக்குத் தெரியாது, வளைவது தெரியாமல் மேலே சொன்ன இரண்டு பகுதிகளையும் கற்க முடியாது. நரம்பின் முனையில் 9 அடி மெல்லிழை வேண்டும். அதன் கடைசிப் பகுதியின் கனத்தை எக்ஸ் எண்ணால் குறிப்பார்கள், 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் கனம் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். தொடக்கத்துக்கு 5 எக்ஸ், அதாவது ஆயிரத்தில் 6 பங்கு, போதுமானது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள், உலர்ந்த இழை உராய்ந்து சூடேறினால் பலம் இழக்கும்.

ஆற்றில் நிற்க நீர்புகாக் கால்சட்டை வேண்டும். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் "வேடர்" என்று வருவது பொருத்தமான விபத்துதான். பெண்களுக்கான அளவுகள் இப்போது தனியாகக் கிடைக்கின்றன, ஆண்களுடைய அளவில் பெரிய பூட்ஸ் வாங்கிச் சமாளிக்க வேண்டாம், பாசிக் கல்லில் வழுக்கி விழுவதற்கு அதுவே காரணமாகும். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால்தான் விழும்போது உள்ளே தண்ணீர் நிறையாமல் இருக்கும். இவற்றோடு ரப்பர் வலைப்பின்னல் உள்ள கைவலை, முள் கழற்றும் இடுக்கி, நீரின் வெப்பநிலை பார்க்கும் மானி ஆகிய மூன்றும் சேர வேண்டும். மூன்றிலும் விலை குறைந்ததும் அவசியமானதும் மானி, கடைகளில் மிகக் குறைவாக வாங்கப்படுவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சாமான்களின் விலையில் ஒரு பங்கு மீனுக்கே போகிறது. 1950-ல் அமெரிக்காவில் வந்த சட்டத்தின்படி தூண்டில் கருவிகள்மீது உற்பத்தி நிலையில் வரி வசூலாகி, மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது.

அனுமதிச் சீட்டும் விதிகளும்

நியூயார்க்கில் 16 வயது நிறைந்த எவரும் நன்னீரில் மீன்பிடிக்க உரிமம் பெற வேண்டும். மாநிலத்தில் வசிப்பவருக்கு ஆண்டுக் கட்டணம் 25 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 50 டாலர், வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். நியூஜெர்சி உரிமத்தை வைத்துக்கொண்டு கேட்ஸ்கில் ஆறுகளில் இறங்க முடியாது. உள்நாட்டு ஓடைகளில் ட்ரௌட் பருவம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை. எஞ்சிய மாதங்களிலும் மீன்பிடிக்கலாம், ஆனால் செயற்கைத் தூண்டிலை மட்டுமே பயன்படுத்திப் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். சில ஆற்றுப் பகுதிகளுக்கு இதைவிடக் கடுமையான தனி விதிகள் உண்டு, கரையிலுள்ள பலகையைப் படிக்காமல் இறங்க வேண்டாம்.

உரிமம், அளவுக் கட்டுப்பாடு என்றெல்லாம் வந்ததில் பெண்களுக்கும் பங்கு இருக்கிறது. மெய்ன் மாநிலம் 1897-ல் காட்டு வழிகாட்டிகளுக்குப் பதிவு முறை கொண்டுவந்தபோது முதலாம் எண் உரிமம் கார்னீலியா கிராஸ்பிக்குத்தான் கிடைத்தது. ஆறடி உயரம், முன்பு வங்கியில் எழுத்தர் வேலை, பிறகு பத்திரிகைப் பத்தி எழுத்து. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ட்ரௌட் பிடித்துப் பெருமைப்படுவது வழக்கமாயிருந்த காலத்தில், பிடிக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்று அவர் வாதாடினார்.

ஆற்றைப் படிப்பது

பீவர்கில் ஆறும் வில்லோவெமாக் ஓடையும் ராஸ்கோ என்ற சிற்றூரில் கூடுகின்றன. அந்தக் கூடல்மடுவைப் பார்த்துவிட்டு வந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. வேகமாக ஓடும் நீரும் மெதுவாக நகரும் நீரும் உரசிக்கொள்ளும் இடத்தில் நுரை ஒரு கோடாகப் போகும். மீன் மெதுநீரில் நின்றபடி, வேகநீர் அடித்துக்கொண்டு வரும் பூச்சியை எட்டிப் பிடிக்கும் இடம் அது. மீனின் தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும், ஆகவே நீங்கள் கீழ்நீரிலிருந்து மேல்நோக்கி நடந்து செல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் அங்கே மேலெழும் ஒருவகை மேஃப்ளை பூச்சியைப் பார்த்து 1916-ல் ராய் ஸ்டீன்ராட் கட்டிய ஹெண்ட்ரிக்சன் பொய்ப்பூச்சி இன்றும் அந்த நாட்களில் அதே ஆற்றில் வேலை செய்கிறது.

இந்த மலைக்குச் சொந்தமான மீன் புரூக் ட்ரௌட். 19-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் ஆலைகள் பட்டைக்காக ஹெம்லாக் மரங்களை வெட்டிச் சாய்த்தன, நிழல் போனது, ஓடைகள் சூடேறின, ஆலைக்கழிவும் சேர்ந்தது, புரூக் ட்ரௌட் தலையோடைகளுக்குப் பின்வாங்கியது. இன்று பெரிய மடுக்களில் கிடைக்கும் பிரவுன் ட்ரௌட்டின் மூதாதையர் 1883-ல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்தவை. (நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிப்பகம் 1907-ல் வந்ததும் இதேபோன்ற கடல்கடந்த கதைதான்.) ட்ரௌட்டுக்குச் சூடான நீர் ஆகாது, ஆகவே மானியை நீரில் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 டிகிரி செல்சியஸ், காட்டினால் கோலை மடக்கிவிடுங்கள். சூடான நீரில் பிராணவாயு குறைவு, போராடிக் களைத்த மீன் அதில் தேறாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குளிர்ந்த ஊற்றுவாயில் மீன்கள் அடைந்துகிடப்பதைக் காண்பீர்கள். அப்போது வீசுவது எளிது, செய்யக் கூடாது.

கையில் மீன்

லீ வுல்ஃப் 1939-லேயே, ஒரே ஒரு தடவை பிடித்துத் தீர்த்துவிட முடியாத அளவுக்கு இந்த மீன்கள் மதிப்புள்ளவை என்று எழுதினார். அதைப் பள்ளிப் பாடமாக்கி ஆண்டுதோறும் புதியவர்களின் கைகளுக்குக் கொண்டுசேர்த்ததில் ஜோனின் உழைப்பு பெரிது. விட்டுவிடுவது என்பது நல்லெண்ணம் மட்டும் போதாத வேலை, கைத்தொழில் போல இதையும் பழக வேண்டும்.

ஆற்றுக்குப் போகுமுன் வீட்டிலேயே முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீன் கவ்வியதும் நரம்பை இறுக்கமாகவே வைத்து, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, விரைவாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள், அழகான போராட்டம் என்று ரசித்து நீட்டிக்கக் கூடாது. கைவலையின் வாயை நீருக்குள்ளேயே வைத்து மீனை அதற்குள் வழிநடத்துங்கள். கையை முழுவதும் நனைத்த பிறகுதான் தொட வேண்டும், மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலமே அதற்கு நோய்த்தடுப்பு, உலர்ந்த உள்ளங்கை அதைத் துடைத்தெடுத்துவிடும். வயிற்றை அழுத்தாதீர்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள். எதிர்முள் இல்லாத முள்ளை இடுக்கியால் பிடித்து நுழைந்த வழியே திருப்பினால் நழுவி வந்துவிடும். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்ட வேண்டாம், இழையை வாயருகே நறுக்கிவிடுங்கள்.

புகைப்படம்தான் பெரிய வினை. 1992-ல் கனடாவில் ஃபெர்குசனும் டஃப்ட்சும் வெளியிட்ட ஆய்வில், களைக்கும்வரை நீந்தவைத்த ரெயின்போ ட்ரௌட் மீன்களில் 12 சதவீதம் இறந்தன, களைத்த பிறகு 30 வினாடி நீருக்கு வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம், 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவீதம் இறந்தன. ஆய்வகத் தொட்டியில் நடந்த சோதனை, ஆற்றில் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் அவை ஏறும் திசை ஐயத்துக்கு இடமில்லாதது. ஒரு நிமிடம் என்பது செல்போனைப் பையிலிருந்து எடுத்து, ஈரவிரலால் திறக்கத் தவறி, மறுபடி முயன்று, நண்பரை "இன்னொன்று" என்று கேட்கும் நேரம். படம் வேண்டுமானால் நண்பர் தயாரானதும் மீனைத் தூக்குங்கள், அதன் உடலிலிருந்து நீர் சொட்டுவது நிற்குமுன் மறுபடி நீருக்குள் இறக்கிவிடுங்கள். பிறகு வயிற்றின் அடியில் கையைத் தளர்வாக வைத்து, தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்குமாறு நிறுத்தினால், செவுள்கள் சீராகத் திறந்து மூடுவது தெரியும். வால் அசைந்து அதுவாகப் போகட்டும், முன்னும் பின்னும் இழுத்து ஆட்டுவதால் பயன் இல்லை.

கூட்டும் பணியும்

தனியாகக் கற்பது நடக்கும், மெதுவாக நடக்கும். ஆண்களின் தூண்டில் சங்கங்கள் தங்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1932-ல், நியூயார்க் பெண்கள் தங்களுக்கென ஒரு ஃப்ளை ஃபிஷிங் சங்கத்தை அமைத்துக் கேட்ஸ்கில் ஆறுகளில் இறங்கினார்கள், அதன் முதல் தலைவர் ஜூலியா ஃபேர்சைல்ட். இன்று வாசல்கள் அதிகம். 1991-ல் விஸ்கான்சினில் கிறிஸ்டின் தாமஸ் தொடங்கிய, பெண்களுக்கான வெளிப்புறத்திறன் பயிலரங்குகள் பல மாநிலங்களில் மீன்வளத் துறைகள் வழியாக நடக்கின்றன. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற பெண்களுக்காக 1996-ல் வெர்மாண்டில் தொடங்கிய காஸ்டிங் ஃபார் ரெகவரி அமைப்பு, தோளுக்கு இதமான அசைவாக இந்த வீச்சையே கற்பிக்கிறது. பொய்ப்பூச்சி கட்டப் பழக விரும்பினால் வில்லோவெமாக் கரையிலுள்ள கேட்ஸ்கில் ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள், அந்தப் பகுதியில் கணவரோடு பூச்சி கட்டிப் பிழைத்துக்கொண்டே ஆற்றுக்காகவும் போராடிய எல்சி டார்பி, அவரைப் போலவே கணவரோடு பூச்சி கட்டிய வின்னி டெட் ஆகியோரின் கைவேலை எப்படிப்பட்டது என்பது புரியும்.

ஆற்றிலிருந்து திரும்பியதும் பூட்ஸின் சேற்றைச் சுரண்டிக் கழுவி, முற்றிலும் உலரவிடுங்கள், ஈரம் உள்ள அடியில் டிடிமோ என்ற பாசி உயிரோடு அடுத்த ஆற்றுக்குப் பயணம் செய்யும். மார்ச் மாத இறுதியில், இலை துளிர்க்குமுன், ட்ரௌட் அன்லிமிடெட் போன்ற அமைப்புகளின் உள்ளூர்க் கிளைகள் கரையில் மரம் நடக் கூப்பிட்டால் போங்கள். கட்டைவிரல் கனமுள்ள வில்லோக் கழிகளை வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்குமாறு பார்த்து, முக்கால் பாகம் மண்ணுக்குள் போகும்வரை ஈரக்கரையில் குத்தி இறக்குவதுதான் வேலை. அதற்கு உரிமமும் வேண்டாம், கோலும் வேண்டாம், ஒரு ரப்பர் சுத்தியல் எடுத்துப் போனால் போதும்.